பறந்த கூரையின் முகவரி

என் புருஷன் கிளமென்ட் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். எனக்கு அந்த வியாதி கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால், மாடியில் தையல் கூடம் போட்டபோது மட்டும் எனக்கும் தொற்றிக்கொண்டது. அற்புதசாமி அண்ணன் நம்ம சர்ச் அன்பியத்து ஆள், வாராவாரம் நம்மோடு உட்கார்ந்து ஜெபம் சொல்கிறவர், நமக்கா மோசமாகப் போடுவார் என்று கூரை ஷீட் வேலையை அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். இந்த மே மாதச் சூறைக்காற்றில் அதில் பாதி பக்கத்துக் காலிமனையில் போய்க் கிடந்தது.

அன்றைக்குக் காட்டூர் முழுக்க மரம் சாய்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் இருந்தது. முந்நூறு பிள்ளைகளுக்கான யூனிஃபார்ம் துணி என் பொறுப்பில். ஒரு கட்டு நனைந்து சாயம் இறங்கிவிட்டது. இன்னொரு கட்டு நனைந்தால் இனி ஆர்டர் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டர் போனால் தையல் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

அற்புதசாமி அண்ணன் வந்தார். மாடி ஏறவில்லை. காபி குடித்தார்.

"இயற்கைச் சீற்றம் தங்கச்சி, நம்ம கையில என்ன இருக்கு? திங்கக்கிழமை ஆளை அனுப்பிடறேன்."

"நீங்க போட்ட ஷீட் வேற எங்கயாவது பறந்திருக்காண்ணே?"

"உங்களோடதைத் தவிர ஒண்ணுகூட இல்ல."

கிளமென்டுக்கு இதைக் கேட்டு ஆறுதலாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள், துணிக்கடைக்காரர் சொல்லி, எடமலைப்பட்டி புதூரிலிருந்து மருதை என்ற ஒருவர் வந்தார். நேராக மாடிக்குப் போனார். "காத்து எந்தப் பக்கமிருந்து தூக்குச்சுக்கா?" என்று கேட்டார். மேற்கே என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். போட்ட ஷீட் எங்கேயாவது பறந்திருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டதை அவரிடமும் கேட்டேன்.

அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு, "ஒண்ணு பறந்திருக்குக்கா. ஸ்ரீரங்கத்துல ஆனந்தவள்ளி அம்மானு, அப்பளம் போடறாங்க. அட்ரஸ் தரேன், போய்க் கேளுங்க. ஆனா என்னைத் திட்டுவாங்க" என்றார்.

நன்றாகச் செய்த வேலைக்கு முகவரி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பறந்துபோனதற்குக் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன்.

மருதை என்று சொன்னதுதான் தாமதம், ஆனந்தவள்ளி அம்மா பிடித்துக்கொண்டார். "அவனா? மூவாயிரம் அப்பளம் நனைஞ்சு போச்சுங்க! ஏணி வைக்கத் தோதா இருக்குன்னு மேக்கேயிருந்து ஷீட்டை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி அடுக்கிட்டான். விளிம்பெல்லாம் மேக்கே பார்த்து நின்னுச்சு. மேல்காத்து உள்ள பூந்து அப்படியே உரிச்சிருச்சு!"

பத்து நிமிஷம் திட்டினார். நான் மெல்ல எழுந்தேன்.

"அப்போ அவர் வேண்டாங்கறீங்களா?"

"யாரு சொன்னா? மறுநாள் விடியறதுக்குள்ள நான் கூப்பிடாமலே வந்து நின்னான். தப்பு என்னோடதுன்னு முழுசாப் பிரிச்சு, கிழக்கேயிருந்து திரும்பப் போட்டுக் கொடுத்தான். அப்புறம் ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு, திட்டறேன். வேலைக்கு அவனைத்தான் கூப்பிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டம் முடிந்ததும் அற்புதசாமி அண்ணனிடம், கூரையை மருதை போடட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அன்பியத்துல இருக்கறவன் அன்னியமாயிட்டேனா தங்கச்சி?" என்றார். கிளமென்ட் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"ஜெபத்துக்கு நீங்கதாண்ணே. கூரைக்கு வேற ஆள்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மருதை மூன்று நாளில் முடித்தார். எங்கள் படி இருப்பது மேற்கே. ஆனாலும் ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கிக்கொண்டு கிழக்கு மூலைவரை நடந்து, அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் வானம் கறுத்தது. காற்று முதலில் வந்தது, அதே மேற்கிலிருந்து. பிறகு மழை. ஷீட்டின்மேல் விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. கிளமென்ட் சமையலறையிலிருந்த குண்டான், வாளி, குக்கர் எல்லாவற்றையும் கொண்டுவந்து துணிக்கட்டுகளைச் சுற்றி அடுக்கினார். நான் கட்டுகளின்மேல் கையை வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம். ஒரு சொட்டு விழவில்லை.

மழை கொஞ்சம் தணிந்தபோது போன் அடித்தது. மருதை.

"அக்கா, அங்க மழையா?"

"கொட்டித் தீர்த்துடுச்சு."

"ஒழுகுதா?"

"இல்லங்க. ஒரு சொட்டு இல்ல."

மறுமுனையில் பெரிதாக மூச்சு விடுவது கேட்டது. "அப்பாடா" என்றார். "இருட்டுனதுலேருந்து வாசல்லயே நின்னு மேக்கே பாத்துட்டிருக்கேன்க்கா."

என்னைவிட அவர்தான் பயந்துபோயிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குக்கரோடு நின்ற கிளமென்டைப் பார்த்தேன்.

"லைட்டைப் போடுங்க. இன்னும் நாப்பது பாவாடை தைக்கணும்."