அடுப்படியில் சொல்ல வேண்டியது

இரண்டு வருஷம் கழித்து ரெமிஹியோ எல்வீராவின் கடைக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் வடிந்திருந்தது. கூட்டத்தின் முன்னால் முகத்தைக் காட்டத் தைரியமில்லாமல் வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்கு வந்தார். கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஆறு மேஜை போட்ட சின்னக் கடை அது. இன்னும் சற்று நேரத்தில் கத்தியைக் கழுவி வைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின், காலையில் பிடித்த பச்சை மீனில் செய்கிற செவிச்சேயைக் கேட்டு வர லிமாவில் எவனுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

அவர் மகள் நோயெலியாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எல்வீரா அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்திய நேரத்திலிருந்து ரெமிஹியோ எல்வீராவைக் கொமாத்ரே என்றும் அவள் அவரைக் கொம்பாத்ரே என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த உறவு ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். கூடப்பிறந்தவனோடு கட்டிப் புரளலாம், கொமாத்ரேயோடு முகம் சுளிக்கக் கூடாது. ஞானத்தாய் வராவிட்டால் கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று நோயெலியா சொல்லிவிட்டாள். பிடிவாதம் அப்பனைக் கொண்டு பிறந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். ரெமிஹியோ மீன்துறையில் பாதி ஆயுளைக் கழித்த சுமைக்காரர். பெட்டியைத் திறக்குமுன்பே மீனின் வயதைச் சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், இதே கடை நிறைந்திருந்த நேரத்தில் முதல் வாய் போட்டுவிட்டு, "இது நேத்து மீன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாலைந்து பேர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இருவருக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

இப்போது எல்வீரா வறுத்த சோளத்தை அவர் முன்னால் வைத்தாள். "என்ன வேணும், சார்?"

அந்தச் 'சார்' அவரைச் சுட்டது. ஒரு செவிச்சேயும் ஒரு பீரும் என்றார். திரைச்சீலைக்குப் பின்னால் கத்தியின் சத்தம் கேட்டது. எலுமிச்சைச் சாற்றில் கிடந்த பச்சை மீன், மேலே வெங்காயம், ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தட்டு வந்தது. கூடவே பீரும் இரண்டு கிளாஸும். பத்துப் பேர் உட்கார்ந்தாலும் ஒரே கிளாஸைச் சுற்றவிட்டுக் குடிக்கிற ஊர் அது. ஆளுக்கொரு கிளாஸ் வைத்தால் நீ வேறு நான் வேறு என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மீதியிருந்த இரண்டு மேஜைக்காரர்களும் பார்த்தார்கள். ரெமிஹியோவின் கண் கலங்கியது. மிளகாயின் மேல் பழியைப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். அன்றைக்குக் காலையிலிருந்தே குடித்திருந்தேன், நாக்கு செத்துக் கிடந்தது, மீன் நல்ல மீன், நான்தான் பொய் சொன்னேன், பிள்ளைக்காகக் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றார். வேண்டுமானால் இப்போதே எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார்.

"உக்காருங்க" என்றாள் எல்வீரா. "இப்பதான் பொய் சொல்றீங்க. அது நேத்து மீன்தான்."

ரெமிஹியோ உட்கார்ந்தார்.

அந்த வாரம் கடல் கொந்தளித்துப் படகு எதுவும் போகவில்லை. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், கடையை மூட வழியில்லை. எலுமிச்சையையும் மிளகாயையும் தாராளமாகப் போட்டு ஒப்பேற்றினாள். ரெமிஹியோ உள்ளே வந்து உட்கார்ந்ததுமே மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். கூடவே ஒரு நிம்மதியும் வந்ததாம்.

"உங்களுக்குத் தெரிஞ்சுரும், எந்திரிச்சு உள்ள வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கொமாத்ரே, இதக் கொட்டிருங்கன்னு ஒரு வார்த்த. கொட்டியிருப்பேன். என் அடுப்படிக்குள்ள வர உங்களுக்கு உரிமை இருந்துச்சு. நீங்க யாரோ கஸ்டமர் மாதிரி மேசையில உக்காந்து கத்துனீங்க."

சொன்னவள் குரல் உடைந்தது. அதை அவருக்குக் காட்டப் பிடிக்காமல் எழுந்தாள். "சாப்புடுங்க. எலுமிச்சையில ஊறிக்கிட்டே கெடந்தா மீன் வெந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரெமிஹியோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வருஷமாக எதற்கோ மன்னிப்புத் தயாரித்திருக்கிறார், செய்த தப்பு அதில் இல்லவே இல்லை. கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முள்கரண்டியை எடுத்து ஒரு வாய் போட்டார். இன்று காலை பிடித்த மீன், சந்தேகமே இல்லை. மெல்ல மென்றார். அடுத்த மேஜைக்காரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெமிஹியோ தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கி உள்ளே போய், வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"கொமாத்ரே, உப்பு கொஞ்சம் கம்மி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

எல்வீரா அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"கம்மிதான்" என்றாள். "கல்யாணத்துக்குச் சரியாப் போட்டுடறேன், கொம்பாத்ரே."