வெள்ளை விரிப்பு

என் நாத்தனார் பஞ்சாலை அண்ணியைக் கெட்டவங்கன்னு யாராவது சொன்னா நானே சண்டைக்குப் போவேன். தம்பி மேல உசுரையே வச்சிருந்தாங்க. அந்தப் பாசம்தான் அவரைப் போட்டு அவிச்சுது. இதை எங்க போய்ச் சொல்றது?

அவர்னா என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம். மலேசியாவுல பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுனவர். திடீர்னு வாதம் அடிச்சு ஒரு பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. மிஞ்சுனது ஒரே வார்த்தை: "காந்துது." கவனிக்க ஆள் வேணுமேன்னு தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல இருந்த அண்ணிகிட்டயே வந்துட்டோம். தகரக் கூரை. இந்த வருஷத்து வெயில்ல மத்தியானம் அந்த அறையில சோத்தை வச்சா பொழுது சாயறதுக்குள்ள ஊசிப் போயிரும்.

அண்ணி ஆசையா பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு மெத்தை விரிப்பு வாங்கிட்டு வந்தாங்க. மயில் கழுத்துக் கலர், பளபளன்னு சாட்டின். "தொட்டுப் பாரு மாதவி, எப்படி ஜில்லுன்னு இருக்கு!" தொட்டா ஜில்லுன்னுதான் இருந்துச்சு. நானும் நம்பிட்டேன்லா. அவர் படுத்த கொஞ்ச நேரத்துல, முதுகுச் சூட்டை வாங்கி அவருக்கே திருப்பிக் குடுத்துச்சு அந்தச் சனியன். வேர்வை இறங்க வழியில்லாம முதுகுக்கு அடியில சொதசொதன்னு நிக்கும். நான் புரட்டிப் புரட்டித்தான் போட்டேன். அப்படியும் இடுப்புக்குக் கீழ தோல் செவந்து, வெளுத்து, புண்ணு வாய் பொளந்துருச்சு. மனுஷன் கண்ணு மூடல. கூரையையே பார்த்துகிட்டு, "காந்துது, காந்துது."

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வந்து புண்ணைக் கட்டிட்டு, "இந்தத் துணியைத் தூக்கிப் போடுங்க. பருத்தியா விரிங்க. தையல் மூட்டு, சுருக்கம் எதுவும் இருக்கக் கூடாது. இல்லன்னா புண்ணு எலும்பு வரைக்கும் போயிரும்"னு சொன்னாங்க. அவரோட கைலியைப் பிரிச்சு விரிச்சேன். அகலம் பத்தல. சுருண்டு சுருண்டு புண்ணுலயே போய் நின்னுச்சு.

பகாவுக்கு பஸ் ஏறி நாகூர் கனி பாய் துணிக்கடைக்குப் போனேன். பாய் ஒவ்வொரு துணியா எடுத்து, "வாயில வச்சு ஊதிப் பாரும்மா, அந்தப் பக்கம் காத்து வருதான்னு" சொன்னாரு. கடையில நின்னு பைத்தியக்காரி மாதிரி ஊதினேன். பூப் போட்டது, கட்டம் போட்டது, எதுலயும் மூச்சு சரியா வெளிய போகல. ஒண்ணுலதான் உள்ளங்கை வரைக்கும் காத்து வந்துச்சு. அகலமான பருத்தி, ஆனா தும்பை வெள்ளை.

"கலர்ல இல்லியா பாய்?"

"சிரம்பான்லருந்து வரணும்மா. சொல்லி வைக்கிறேன்."

கலருக்கும் சொல்லி வச்சுட்டு, வெள்ளையையும் வாங்கிட்டு வந்தேன். அண்ணி பிரிச்சுப் பார்த்ததும் மூஞ்சி இருண்டு போச்சு.

"அடிப்பாவி! கோடித் துணியையா வாங்கிட்டு வந்த? என் புருஷன், உங்க மாமாவை இதே துணியிலதான் மூடுனோம். உசுரோட இருக்கறவனுக்கு விரிப்பியா?"

"மஞ்சத் தண்ணியில முக்கிடுறேன் அண்ணி."

"மஞ்சள்ல முக்கினாலும் எனக்கு அது வெள்ளைதான். என் தம்பியை நீயே வழியனுப்பாத."

துணியைப் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை முந்தானையில முடிஞ்சுகிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பீரோவை உடைச்சிருக்கணும். அவங்க வீட்டுல, அவங்க கையால சோறு தின்னுகிட்டு எதை உடைக்கிறது? மறுபடியும் கைலிதான்.

சிரம்பான் துணி வர்றதுக்குள்ள காய்ச்சல் வந்துருச்சு. புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரு நாள் நல்லாத் தூங்கட்டும் சாமின்னு நான் கேக்காத கோயில் இல்ல. தூங்காமலே போயிட்டாரு.

வீட்டுக்குக் கொண்டாந்தோம். அண்ணி மாரடிச்சு அழுதுகிட்டே போய்ப் பீரோவைத் திறந்தாங்க. அந்த வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாம.

"கோடி போடணும் மாதவி..."

"இப்ப வருதா? இப்ப மட்டும் அந்தச் சாவி திறக்குதா?" வந்த சனமெல்லாம் கேக்கத்தான் கத்துனேன்.

அப்பதான் சவப்பொட்டி வந்துச்சு. மூடியைத் திறந்தா உள்ள பூரா சாட்டின். பளபளன்னு, குஷன் மாதிரி வச்சுத் தைச்சிருக்கு. கையை வச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன். தையல் பர்ர்ருன்னு விட்டுச்சு. பொட்டிக்காரன், "அக்கா, அக்கா, அது பொட்டியோட வர்றது"ன்னு ஓடி வந்தான். "தள்ளிப் போடா!" அடுத்த பக்கத்தைப் பிடிச்சு இன்னொரு கை இழுத்துச்சு. அண்ணி கை. ரெண்டு பேரும் மூச்சு வாங்க மொத்தத்தையும் பிச்சு வெளிய போட்டோம்.

வெள்ளைப் பருத்தியைப் பொட்டிக்குள்ள நாங்களே விரிச்சோம். அண்ணி முட்டி போட்டுகிட்டு, ஒரு சுருக்கம் இல்லாம உள்ளங்கையால நீவி நீவி விட்டாங்க. வந்த ஆம்பளைங்க அவரைத் தூக்கிப் படுக்க வச்சாங்க. அண்ணி அவர் முதுகுக்கு அடியில கையைக் குடுத்துப் பார்த்துட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"இப்ப காந்தாதுல்ல மாதவி?"

அவரை எரிக்க மின்சுடலைக்குக் கொண்டு போற வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு.