ஜன்னலைச் சாத்துங்க, சிஸ்டர்

1

இந்தக் கதை என் சொந்த ஆசையில் பிறக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வட செர்பியாவில் இருக்கும் எங்கள் ஊரில் முதியோருக்கான சுகாதாரப் பயிலரங்கை என்னை நடத்தச் சொன்ன திட்டத்தார் தலைநகரிலிருந்து கேட்டார்கள்: "ஒரு வெற்றிக் கதை வேண்டும். ஒரே பக்கம். முதியவர் ஒருவர் சிரிக்கும் படத்துடன்." திட்டத்தின் பெயர் 'துடிப்பான முதுமை'. பெயர் வைத்தவருக்கு முப்பது வயது இருக்கும். ஆண்டவர் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், கூடவே முழங்காலையும்.

ஆகவே, வெற்றிக் கதை. ஓந்த்ரேய் என்ற ஸ்லோவாக்கியக் கிழவருக்குப் பேச்சு திரும்புமா திரும்பாதா என்பதுதான் கதை. படம் கிடைக்காது. ஓந்த்ரேய் சிரிக்கிற ஆள் இல்லை.

2

முதல் தொடக்கம்: "தீசா நதியின் மேல் பொன்னிற மாலை மெல்லக் கவிந்து—" (வேண்டாம். நதி இந்தக் கதையில் ஒன்றுமே செய்யப் போவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "செர்பியரும் ஹங்கேரியரும் ஸ்லோவாக்கியரும் உடன்பிறப்புகளாய் வாழும் எங்கள் சிற்றூரில்..." (திட்டத்தாருக்குக் கண்ணீர் வரும். ஆனால் நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். எழுத்திலும் பொய் பொய்தான்.)

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை, பயிலரங்கு நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில், வழக்கம்போல ஜன்னல் சண்டை தொடங்கியது.

இது சத்தியம். இதையே வைத்துக்கொள்வோம்.

3

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ்கூட ஒரே நாளில் வராது; செர்பியருக்கு ஜனவரியில், மற்றவர்களுக்கு டிசம்பரில். மீன் குழம்பில் என்ன போடுவது என்பதில் உறவே முறிந்த வீடுகள் உண்டு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே திருச்சபை: புரோமாயா. இந்தப் பக்கம் கதவும் அந்தப் பக்கம் ஜன்னலும் சேர்ந்து திறந்திருந்தால் நடுவே ஓடுகிற காற்றுக்கு அந்தப் பெயர். பல்வலி, இடுப்புப் பிடிப்பு, வாய்கோணல், மருமகளின் கோபம் எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். புகையிலையாலும் பன்றிக்கொழுப்பாலும் பிளம் சாராயத்தாலும் இங்கே இதுவரை யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை.

"ஜன்னலைச் சாத்துங்க, சிஸ்டர். பிடரில வந்து குத்துது," என்றாள் ரதோய்கா. செர்பியக்காரி. ஓய்வு பெற்ற தபால்காரி. வெயில் காலத்திலும் கழுத்தில் கம்பளிச் சால்வை. (நான் ஓய்வு பெற்ற நர்ஸ். இங்கேயும் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"இத்தனை பேர் மூச்சு விடுற இடம் ரதோய்காம்மா. கொஞ்சம் காத்து வரட்டுமே."

"காத்து வந்தா அப்புறம் மூச்சு எங்க விடுறது?"

கடைசி வரிசையிலிருந்து ஓந்த்ரேய்: "சாத்துங்க, சாத்துங்க. எல்லாரும் ஒண்ணா அவிஞ்சு போவோம். சவப்பெட்டிக்காரனுக்கும் ஒரே நடை."

அன்றைய பாடம் மூளைத் தாக்கு, அதாவது ஸ்ட்ரோக். சந்தேகம் வந்தால் ஆளைச் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று கோணினாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஜோடி ஜோடியாகப் பயிற்சி. ஓந்த்ரேய்க்கு ஜோடி எதெல்கா. ஹங்கேரியக்காரி, விதவை, ஜெபமாலையை விட்டால் கையில் பின்னல் ஊசி.

"கொஞ்சம் சிரிங்க, ஓந்த்ரேய்."

"எதுக்கு?"

"சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"என் கல்யாணத்துலயே நான் சிரிக்கல. உனக்கா சிரிக்கப் போறேன், ஹங்கேரிக்காரி?"

"சரி, கையையாவது தூக்குங்க."

"தூக்கினா சரணடைஞ்ச மாதிரி ஆயிடும். அதுவும் உங்கிட்ட!"

என் மூன்று அடையாளங்களில் இரண்டு அங்கேயே செத்தன.

4

இந்த இடத்தில் எனக்கு எதெல்காவின் மேல் சந்தேகம். கதாபாத்திரமாக அவள் தேற மாட்டாள். வாரம் தவறாமல் ஒரு துண்டு வால்நட் ரொட்டியைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவருவாள். ஓந்த்ரேய், "சர்க்கரைக்காரனைக் கொல்லப் பாக்குறியா?" என்று திட்டிவிட்டு, திட்டின வாயாலேயே தின்பார். இவ்வளவு நல்லவளை எந்த வாசகர் நம்புவார்? அவளுக்கு ஒரு குறை வேண்டுமென்று, "எதெல்கா ஊர்வம்பு பேசுவதில்—" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

பிறகு உண்மையான குறையே கிடைத்தது. அவள் பொய் சொல்லுகிறவள். அந்த ரொட்டியில் சர்க்கரையே கிடையாது. கொஞ்சம் ஆப்பிளைத் துருவிப் போட்டு ஒப்பேற்றிவிட்டு, "அள்ளிக் கொட்டியிருக்கேன், செத்துத் தொலைங்க" என்பாள். அது என் காதில் மட்டும் போட்ட ரகசியம். ஆண்டவர் இதைப் பாவக் கணக்கில் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

5

அடுத்த செவ்வாய். பாடம்: சரிவிகித உணவு. திட்டத்தார் அனுப்பிய சுவரொட்டியில் வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் ஒரு முதிய தம்பதி, கையில் அவகாடோ. "இதுல ஊறுகாய் போடலாமா?" என்று ரதோய்கா கேட்டாள். மிக நல்ல கேள்வி. திட்டத்தாருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

இடைவேளையில் ஓந்த்ரேய் புகைக்கப் பின்முற்றத்துக்குப் போனார். ரொட்டியோடு எதெல்காவும் போனாள். போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். அவளுக்குச் செர்பிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். பதற்றத்தில் அதுவும் பாதிதான்.

"சிஸ்டர்! ஓந்த்ரேயைக் காத்து அடிச்சிருச்சு!"

"நான் அப்பவே சொன்னேன்ல!" ரதோய்கா எழுந்தாள். அவள் முகத்தில் இருந்தது கவலை; கவலைக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றி. "அந்த ஜன்னல்தான்! வாய் கோணிருக்கா?"

"கோணிருக்கு."

"புரோமாயாவேதான். உப்பை வறுத்து ஒத்தடம் குடுத்தா சரியாப் போயிடும். யாராச்சும் சாராயம் வச்சிருக்கீங்களா? ஒரு ஸ்பூன் வாயில ஊத்தலாம்."

நானும் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

(அடிக்குறிப்பு, ஆனால் அடியில் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள்: மூளைத் தாக்குக்கு ஹங்கேரிய மொழியில் உள்ள பழைய சொல்லுக்கு நேர்ப்பொருள் 'காற்றடி'. எதெல்கா அதை அப்படியே செர்பியத்தில் சொல்லிவிட்டாள். செர்பியக் காதில் அது ஜன்னல் காற்று. தமிழில் எழுதும் நான் இதற்குச் சிரிக்க முடியாது. பக்கவாதத்தில் இருக்கும் வாதமும் காற்றுதான்.)

எதெல்கா அசையவில்லை. ரொட்டி அவள் கையிலேயே இருந்தது.

"சிஸ்டர், ரொட்டிய நீட்டினேன்."

"சாப்பிடலயா?"

"அது போகட்டும். அவரு என்னைத் திட்டல சிஸ்டர். வாயத் தொறந்தாரு, திட்டே வரல."

சிரிக்காத மனிதர், கை தூக்காத மனிதர். மிச்சமிருந்த ஒரே அடையாளம் அந்தத் திட்டு. சாத்திய ஜன்னலை விட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைத்தேன். பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். வலது கை கீழே தொங்கியது. கண்கள் மட்டும் எதெல்காவைத் தேடின. பின்னாலேயே வந்த ரதோய்கா அவர் உதட்டருகே நீட்டிய சாராய ஸ்பூனைத் தட்டிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. கழுத்துச் சால்வையை உருவி அவர் மேல் போர்த்தினாள்.

ஸ்ட்ரெச்சர் பின்முற்றத்திலிருந்து கூடத்தின் வழியாகத்தான் தெருவுக்குப் போக வேண்டும். இரண்டு கதவும் விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கதவுகள். பின்கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, முன்கதவைத் தன் முதுகால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள் ரதோய்கா. ஊரிலேயே பெரிய புரோமாயா. வெறும் கழுத்து. காற்று அவள் மேலேதான் ஓடியது. அவகாடோ தம்பதி சுவரை விட்டுப் பறந்து, சிரித்தபடியே தரையில் விழுந்தார்கள்.

"சீக்கிரம் போங்கப்பா!" என்று கத்தினாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, போங்க!"

என் பயிலரங்குகளில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டதற்குச் சாட்சி கேட்டால், நான் காட்டுவது அந்தக் கழுத்தைத்தான். திட்டத்தாரின் படிவத்தில் அதற்கு இடமில்லை.

6

முடிவு, அ: திட்டத்தாருக்காக. ஓந்த்ரேய் குணமடைந்து, சிரித்து, இரு கைகளையும் உயர்த்தி, "துடிப்பான முதுமைக்கு நன்றி!" என்று— (அவர் நிஜமாகவே குணமானால் முதலில் என்னைத்தான் அடிப்பார்.)

முடிவு, ஆ: விமர்சகர்களுக்காக. மழை. காலிக் கட்டில். திறந்த ஜன்னல். (ஒருவரைக் கொல்லுவது எழுத்தாளருக்கு வெகு சுலபம். ஆனால் அந்த இலாகா வேறொருவருடையது. நான் கை வைக்க மாட்டேன்.)

முடிவு, இ: எனக்குத் தெரிந்தவரை மட்டும்.

மருத்துவமனை, பார்வையாளர் நேரம். "பேச்சு வரலாம், வராமலும் போகலாம்," என்றார் டாக்டர். எதெல்கா கட்டிலருகே உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தாள். விழுங்க முடியாதவருக்கு ரொட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அள்ளிக் கொட்டியிருக்கேன், ஓந்த்ரேய்," என்றாள். "சொல்லுங்க. எப்பவும் சொல்லுவீங்களே, சொல்லுங்க."

அவர் உதடு கோணலாக அசைந்தது. முதலில் வெறும் காற்று. பிறகு, தொண்டையிலிருந்து ஓர் ஒலி. நான் தமிழில் எழுதுகிறவள். அதைத் தமிழில்தான் கேட்டேன்:

"கொ..."

'கொல்லப் பாக்குறியா' என்பதன் முதலெழுத்தாக இருக்கலாம். 'கொடு' என்றும் இருக்கலாம். வெறும் தொண்டைக் கமறலாகவும் இருக்கலாம். மணி அடித்து எங்களை வெளியே அனுப்பும் முன் இவ்வளவுதான் கேட்டது. இதற்கு மேல் எழுதினால் அது என் ஆசை.

மிச்சச் சொல் உங்களுடையது. முடிந்தால் நல்ல திட்டாகப் பாருங்கள். எதெல்கா அதற்காகத்தான் காத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகும்போது கதவை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள். தாழ்வாரத்தில், சால்வையில்லாமல், ரதோய்கா உட்கார்ந்திருக்கிறாள்.