பால்சுறாவின் கொடி

...போதுமாம், செடி என்றால் பச்சை, மிருகம் என்றால் நாலு கால், அந்தப் பெண்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதுமாம், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் துறைத் தலைவி, திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல்... கல்மண்டபத்தைத் தாண்டிக் காசிமேட்டுக் கரையில் இறங்கும்போது ரஹீமுன்னிசாவின் செருப்புக்குள் மணல் புகுந்தது, அதற்கும் கோபம் வந்தது. வரலாறும் பொருளாதாரமும் எடுத்த பெண்கள் வாரம் இரண்டு மணி நேரம் உயிரியலும் படிக்கவேண்டும் என்று கல்லூரியில் இந்த வருஷம் புதுச் சட்டம், துறையில் யாரும் தொட விரும்பாத அந்த வகுப்பு, வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷமான இவள் தலையில், சரி, வாங்கிக்கொண்டாள், ஆனால் ஆய்வுக்கூடச் சாவி? மைக்ராஸ்கோப்? ஜாடியில் ஊறுகிற ஒரு தவளையாவது? சாக்பீஸ் இருக்கிறதே, வரைந்து காட்டு என்கிறாள். எதை வரைவது? திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வரும் ஞானசுந்தரி, வரலாற்றுப் பெண், கடைசி பெஞ்சு, போன வாரம் எழுந்து கேட்டாளே, மிஸ், என் தங்கச்சி காலராவுல போனா, அந்தத் தண்ணிய நானும்தான் குடிச்சேன், அதுல இருந்தது எப்படி இருக்கும், பாக்க முடியுமா என்று... கரும்பலகையில் ஒரு காற்புள்ளி போட்டுக் காட்டினாள் இவள், அந்தக் கிருமி இப்படித்தான் இருக்கும் என்று, அந்தப் பெண் அந்தக் காற்புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாளே, மணி அடித்த பிறகும். அவளுக்கா போதும்? யார் அளந்தது?

பூட்டி வைத்துக்கொள்ளட்டும், கடலைப் பூட்ட முடியாதே. கண்ணாலேயே பார்க்கிற மாதிரி ஒன்றை இன்றைக்கு மேஜைமேல் போட்டு அறுத்துக் காட்டத்தான் போகிறாள், மூக்கைப் பொத்திக்கொண்டு துறையே ஓடி வரட்டும். கட்டுமரங்கள் ஒதுங்கிவிட்டன, ஏலம் கத்திக்கொண்டிருந்தார்கள், வண்ணாரப்பேட்டையில் இவள் வீட்டு வாசலுக்கே கூடையோடு வரும் கன்னியம்மா அங்கே குந்தியிருந்தாள், நல்லவேளை. பால்சுறா வேண்டும் என்றதும் அவள் முகம் மலர்ந்தது, "இன்னாம்மா, வூட்ல யாருனா புள்ள பெத்துகினாங்களா? புட்டு செஞ்சி குடுத்தா பால் நல்லா ஊறும்." இல்லை, காலேஜில் பாடம் நடத்த என்று சொல்லி, வயிறு பருத்த ஒன்றைக் காட்டினாள். கன்னியம்மா கையை இழுத்துக்கொண்டாள். "அது வவுத்துல குட்டி கீது. வேற எத்துக்கோ." அதுதான் வேண்டும். என்ன நினைத்தாளோ, கத்தியை எடுத்துக் கன்னியம்மாவே வயிற்றைக் கீறினாள், எவ்வளவு நேராக, எதுவும் அறுபடாமல், எம்.எஸ்ஸி.யில்கூட இவள் இப்படிக் கீறியதில்லை. உள்ளே வரிசையாகக் குட்டிகள், விரல் நீளம், ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி, கொடி போய்த் தாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு... யா அல்லாஹ், படத்தில் பார்த்தது இது இல்லையே, படத்தில் இந்த ஈரம் இல்லையே, ஞானசுந்தரி பார்க்கவேண்டும், எல்லோரும் பார்க்கவேண்டும்.

கன்னியம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. அதன் நுனியால் ஒரு கொடியை மெதுவாகத் தூக்கினாள். "இதுல ஓட்ற ரத்தம் ஆத்தாளுதா, குட்டிதா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இவள் கொண்டுவந்த கூடையில் ஐஸ் வேறு உருகிக்கொண்டிருந்தது, அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, சுத்திக் குடு சீக்கிரம் என்றாள் ரஹீமுன்னிசா. கன்னியம்மா வாழை இலையில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "எனக்கு மூணு வவுத்துலயே பூட்ச்சி. ஆஸ்பத்திரில ரத்தம் சேரலன்னாங்கோ. யாரு ரத்தம் யாருதோட சேரலன்னு சொல்லல" என்றாள். அடுத்த கூடையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பஸ் வந்தது. ஏறவில்லை. எதுக்கும்மா... அது யார் குரல்? துறைத் தலைவியுடையதா? இல்லை, இவள் குரல்தான், இவள் வாயிலிருந்துதான் வந்தது, கேட்டாளே காதார... மறுபடியும் மணலில் இறங்கி வேகமாக நடந்தாள், கூடை தொடையில் இடித்தது, ஒரே வாக்கியம்தானே, சொல்லிவிட்டு வந்துவிடலாம், முதல் மணிக்கு இன்னும்... கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, மீனு சரியில்லியா?" அந்த ரத்தம் என்று தொடங்கினாள் ரஹீமுன்னிசா. குட்டியோடது, ஆத்தாளோடது கலக்காது, நடுவில் ஒரு... ஒரு... அந்தச் சவ்வு, அதன் வழியாக... அங்கே நின்றது. இங்கிலீஷில் வரி வரியாக வந்தது, பரீட்சையில் எழுதிய பக்கம் கண்முன் நின்றது, கீழே சிவப்பு மையில் ப்ரொபசர் போட்ட கோடுகூட. கலக்காது என்றால் கன்னியம்மாவுக்கு ஏன் மூன்று போயிற்று? அதற்கும் ஒரு பக்கம் உண்டு, படித்திருக்கிறாள், ஆனால் அதைக் கன்னியம்மாவிடம் எந்த வார்த்தையில்... கன்னியம்மா காத்துக்கொண்டிருந்தாள், கையில் கத்தி, அதில் இன்னும் ரத்தம், ஈக்கள். அந்த 'எதுக்கு' நேரமாகிவிட்டதால் வந்ததா, இல்லை, சொல்லத் தெரியாததால்தானா? ரஹீமுன்னிசா கூடையை மணலில் வைத்துவிட்டு, புடவை நனைவதைப் பார்க்காமல், அவள் எதிரே குந்தினாள்.