கஞ்சி நூலில் கிடந்த ஆமை

என் கணவர் மிஹ்லார் மேல் அன்று நான் கைநீட்டாமல் விட்டது அல்லாஹ்வுக்குப் பயந்துதான்.

தம்பி ஸஜாத் கட்டாருக்குப் போகும்போது தன்னுடைய ஆமையை என்னிடம் அமானிதமாக, திரும்பி வரும்வரை காக்கச் சொல்லி, தந்துவிட்டுப் போனான். மழைக்காட்டில் வாழ்கிற இனம். பெட்டிக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போகும். அதனால் ஒரு மூலையில்தான் தண்ணீர் ஊற்றுவேன். உள்ளே பரப்பிய தேங்காய்த் தும்புத்தூள் அடியில் நனைந்து மேலே காய்ந்திருக்கும். தின்றது போக மிஞ்சிய பழத்தைப் பொழுதுபடுமுன் எடுத்துவிடுவேன். காற்றுப் போய்வர வலையால்தான் மூடி.

சாய்ந்தமருதில் உம்மா விழுந்து கையை முறித்துக்கொண்டதால் நான் போய் நிற்க வேண்டி வந்தது. இதையெல்லாம் கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஓம் புள்ள, ஓம்" என்றார். நெசவுக்காரர்; காதெல்லாம் தறியில் இருந்தது.

மருதமுனைக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. வலைக்கு மேல் பொலித்தீன். தும்புத்தூளைக் காணவில்லை. அதற்குப் பதிலாகத் தறியில் வெட்டி விழுந்த நூல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். நடுவில் ஆமை கழுத்தை நீட்டி, மூக்கில் நுரை தள்ளியபடி கிடந்தது.

"இது என்ன வேல?"

"தும்பு குத்தும் எண்டு மெத்தெண்டு நூல் போட்டன். ஈரம் போகாம மூடியும் வச்சன்."

"கஞ்சி போட்ட நூலா?"

"ஓம். கழிவு நூல்தானே."

அரிசிக் கஞ்சி போட்ட நூல் நனைந்தால் என்னவாகும் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அப்போதும் தறிக் கொட்டிலில், நெய்வதற்காக நீளவாக்கில் இழுத்துக் கட்டிய புதுப் பாவு நூலுக்கு மேல் இரண்டு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தன. அதுவும் கஞ்சி போட்டதுதான்; மாரி மழையில் ஈரம் பிடிக்கக் கூடாதாம்.

"கொஞ்சம் வெள்ளதானே, மர்ஷூதா. தொடச்சாப் போயிரும்" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நூலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்ப் பாவுக்கு நேரே பிடித்தேன். பாய்ந்து வந்தார்.

"ஐயோ, அதில போட்டிராத! பட்டா முழுப் பாவும் போயிரும்!"

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

நூலை முற்றத்தில் வீசிவிட்டு, ஆமையைத் துவாயில் சுற்றிக் கல்முனைக்குக் கொண்டு ஓடினேன். மிருக வைத்தியர் ஊசி போட்டார். வெதுவெதுப்பாக வைத்திருந்தால் பிழைக்கலாம் என்றார். சூடு தருகிற குண்டு பல்பு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வீட்டுக்கு வந்து கொட்டிலில் இருந்த இரண்டையும் கழற்றினேன்.

"பாவு காயாது, புள்ள" என்று பின்னாலேயே வந்தார்.

"காயாட்டி கெடக்கட்டும். பாவு இன்னொண்டு போடலாம். அமானிதத்துக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லுற?"

மழை விடவே இல்லை. பெட்டியை வினாகிரியால் துடைத்துக் காயவைத்து, புதுத் தும்புத்தூள் போட்டு, பல்புகளை மேலே கட்டினேன். ஆமை மெல்ல மெல்லத் தலை தூக்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸஜாத் வீடியோவில் வந்தான். ஆமை பப்பாசித் துண்டைக் கடிப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான் எங்க ராத்தா?"

"கொட்டிலுக்க. பாவில பூஞ்சணம் பிடிச்சிட்டு. கொஞ்சம் வெள்ளதானே, தொடச்சிட்டு இரிக்காரு."