அடுப்பை ஆறவிட்ட நாள்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் தீவில் குளிருக்காக அக்டோபரில் மூட்டிய விறகடுப்பை மே மாதம் வரை அணைய விடமாட்டோம். அணைய விட்டவளை ஊரே வாயில் போட்டு மெல்லும். நான் விட்டேன்.

காரணம், அந்த இரும்பு அடுப்பின் கதவு. விறகு போடத் திறந்தாலே கீல் கிறீச்சென்று கத்தும். கல்யாணமான நாளிலிருந்து கத்துகிறது, யாரும் கண்டுகொண்டதில்லை. போன மாதம் என் கணவன் ஊட்முண்டின் படகு பாறையில் ஏறிக் கிழிந்தது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவன் மட்டும் தூக்கத்தையும் பேச்சையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தான். அடுப்போரப் பெஞ்சில் கொஞ்சம் கண் அசருவான், கதவு கத்தும், படகு கிழிந்த சத்தமும் அப்படித்தான் இருந்திருக்கும், பதறி எழுந்து சுவரைப் பிடித்துக்கொள்வான்.

முதலில் கைக்குக் கிடைத்த மீனெண்ணெயைத் தடவினேன். புத்தி கெட்டவள். பக்கத்து வீட்டு ராக்ன்ஃப்ரிட் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டி குன்வோர், அடுப்புக்குச் சளியா? மீனெண்ணெய் குடுத்திருக்கே! படகுத்துறை வரைக்கும் நாறுது."

"கத்தாம இருக்கட்டும்னுதான்..."

"சூட்டுல எண்ணெய் கருகாம என்ன செய்யும்? அடுப்பை ஆறவிட்டு, கதவைக் கழட்டு. பென்சிலைச் சுரண்டி அந்தக் கரித்தூளைப் பூசு."

"ஆறவிட்டா ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். முதல்ல நான்தான் சிரிப்பேன்."

மறுநாள் நெருப்பைச் சாகவிட்டேன். வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் அவன்மேல் போர்த்தினேன். சூரியன் எட்டிப் பார்க்காத நண்பகல். ஜன்னல் வழியே பனியின் நீலம் கசிந்து தரை, மேஜை, அவன் முகம் எல்லாவற்றிலும் படிந்தது. வீடு தண்ணீருக்கடியில் மெல்ல அசைவதுபோல் இருந்தது. நானும் தூக்கத்தில் நடப்பவளாகக் கதவைத் தூக்கிக் கழற்றினேன், துருவைத் தேய்த்தேன், விரலால் கரித்தூளைப் பூசினேன், திரும்ப மாட்டினேன். சத்தமே இல்லை. நம்பாமல் கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். நெருப்பு மூட்டி, கட்டை வைத்து, கடைசியாகச் சாத்தினேன்.

தாழ்ப்பாள் 'ணங்' என்று விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது.

"தாழ்ப்பாளை மறந்துட்டே," என்றான் ஊட்முண்ட், கண்ணைத் திறக்காமலே.

ஒரு மாதம் கழித்து வாயைத் திறந்தவன், குற்றம் சொல்லத்தான் திறந்தான்!

"முழிச்சுட்டுத்தான் இருந்தியா?"

"இந்தக் குளிர்ல எவன் தூங்குவான்?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "மூடிட்டுத் தூங்கு," என்று அதட்டிவிட்டு, சூடேறுவதற்குள் தாழ்ப்பாளுக்கும் பூசினேன். கரிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அறை மெல்லக் கதகதப்பானது. கட்டை வைத்தேன், இன்னொன்றும் வைத்தேன். அவன் அசையவில்லை. இப்போது இந்த வீட்டில் கத்துவது அவன் குறட்டை மட்டும்தான். அதற்கு நான் எதையும் பூசப்போவதில்லை.