வேலை வந்தது, ஆள் வரவில்லை

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் தட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு டாக்டர் மூக்கடைப்போடு ஒரு நோயாளியின் கதையை ஒப்பித்துக்கொண்டே போனார். அவர் முழுங்கிய சொற்களைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டு எழுத்தாக்குவதுதான் அந்த ஹாலில் எல்லோருக்கும் வேலை. மற்றவர்கள் சாப்பிடப் போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. வேலை மலைபோல் கிடந்தது. எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தான். "வழியில பையை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று காலால் அவள் பையைத் தள்ளிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவனே அவளை மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனான்.

"மத்தியானத்திலேர்ந்து நீங்க சீட்ல இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது," என்றார் மேனேஜர்.

"இவர்தானே சார் வந்து என் பையை எத்திவிட்டுப் போனார்?"

சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தான். "யார் பைன்னு நான் எங்க பார்த்தேன்?"

"அப்ப இன்னைக்கு அடிச்சதெல்லாம் யார் அடிச்சது சார்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வேலை வந்திருக்கு, நீங்க வரலை. உங்க இடத்துல யாரை உக்கார வெச்சீங்க? ஆஸ்பத்திரி சமாச்சாரம் இது. நாளைக்கு நான் கம்பி எண்ண முடியாது. நீங்க இனிமே வரவேண்டாம்."

மாடியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி. ஓட்டமாகப் போய்ப் படிக்கட்டில் அவனை மறித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்க எல்லாருக்கும் முன்னாடி இருக்கறது வெறும் திரைதான்க்கா. கம்ப்யூட்டரெல்லாம் மேல ஒரே ஒரு பெரிய மெஷினுக்குள்ள, தனித்தனியா ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் பெரிய மெஷினோட பேச சாக்கெட்னு ஒரு தொடர்பு உண்டு. ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னு சேதி போறது அதுவழியாத்தான். நீ அடிக்கிறது வேற வழியில போயிடும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி பழைய மெஷின் திணறுச்சு. ஓடிக்கிட்டிருக்கும்போதே எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தினேன். திரைகூட ஆடாது. ஆனா அந்தத் தொடர்பு அறுந்துடும். மத்தவங்க சாப்பிட்டு வந்து மறுபடி லாகின் பண்ணாங்க, சேர்ந்துக்கிச்சு."

"நான் எழுந்திருக்கவே இல்லையே."

"அதான்க்கா. உன்னோடது மட்டும் சேரவே இல்லை."

"வந்து அந்த ஆள்கிட்டச் சொல்லு."

வந்தான். பாதி சொல்வதற்குள் மேனேஜர் கையை உயர்த்தினார்.

"வேலை நேரத்துல மெஷினை மாத்துனியா? யாரைக் கேட்டு?"

"நீங்கதான் சார் ஃபோன்ல..."

"நானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்ட் முடியுது, தெரியுமில்ல?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"நல்லா இரு," என்றாள்.

சீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்கு முன்பே செக்யூரிட்டிக்காரர் வந்து நின்றிருந்தார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள். ஒரு வருஷமாகத் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்த பக்கத்து சீட்டுக்காரி ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அவசரமாக வந்தான்.

"பாதியில நிக்கிற ஃபைலை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க. அதுல இருக்கற அந்தம்மாவுக்குக் காலையில ஆபரேஷனாம், ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் மேல ஃபோன் வருது. அந்த டாக்டர் பேசறது வேற யாருக்கும் புரியாது."

"நான்தான் சீட்லயே இல்லையே."

"வம்பு பேசாதீங்க. ஒரு உசுரு விஷயம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். அந்தம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை டாக்டர் மூக்கால் முழுங்கினார். அவள் பின்னால் ஓட்டிக் கேட்டாள். மறுபடியும் ஓட்டிக் கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தாள். செக்யூரிட்டிக்காரர் அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போது எழுந்திருப்பாள் என்று நாற்காலிக்குப் பின்னால் காத்து நின்றார்.